மடியில் இருந்த மூன்று பீஸ் கட்டைகள்

செருப்பு ஒன்று சேற்றில் புதைந்துகொண்டது. மற்றதையும் உதறிவிட்டுக் கயல்விழி வரப்பில் ஓடினாள். மும்முனைக் கரண்ட் வந்ததும், தினமும் செய்வதுபோல வீட்டிலிருந்தே, ஸ்டார்ட்டரில் செருகியிருக்கும் சிம் நம்பருக்குப் போன் அடித்து வயல் மோட்டாரைப் போட்டிருந்தாள்.

“அடிப்பாவி, அப்பா அங்க ஒயர் மாட்டிக்கிட்டிருக்காருடி!” என்று அம்மா அலறிய பிறகுதான் விஷயமே தெரிந்தது. அப்பாவின் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது.

காப்பாத்து என்று கேட்க வாய் வரவில்லை. பிளஸ் டூ மார்க்குக்காக ஒரு மாதமாகக் காளியம்மனிடம் கேட்டுக்கொண்டே இருந்த வாய்தான். இப்போது வேறென்னவோ சொல்லிற்று. “நீ பெரியவ தாயி. நடவுக்குத் தண்ணி குடுத்த. அண்ணனுக்கு வேலை குடுத்த. அப்பாவக் குடுத்த…”

மோட்டார் கொட்டகை வாசலில் அப்பா ரெத்தினம் இன்சுலேஷன் டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்.

“என்னடி, மாடு தொரத்துதா?”

“மோட்டாரப் போட்டுட்டேன்ப்பா.”

அவர் கைலி மடியை அவிழ்த்துக் காட்டினார். மோட்டாருக்குக் கரண்ட் விடும் மூன்று பீஸ் கட்டைகள். “ஒன்னயப் பத்தித் தெரியும்ல? வந்தவொடனே உருவிட்டேன்.”

அவர் தோளில் விழுந்து அழுதாள். வேலை முடிந்து கட்டைகளை மாட்டியவர், “இப்பப் போடு” என்றார். குழாயில் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. இரு கையாலும் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நல்லாருப்ப தாயி.”

இரவு சாப்பிட்டபின் தோழி தஹ்மீனாவுக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னாள்.

“எங்க தொழுகையில புகழ்ச்சிதான்டி மொதல்ல. கேக்குறதெல்லாம் அப்பறந்தான்.”

“அது வேறடி. நான் பயத்துல ஐஸ் வச்சேன்.”

“சாமிக்கேவா?” தஹ்மீனா சிரித்துவிட்டாள்.

“சிரிக்காத. நான் போன் அடிக்கிறதுக்கு முன்னாடியே அப்பா கட்டைய உருவியாச்சு. கும்புடறதுக்கு முன்னாடியே குடுத்துட்டாடி அவ.”

“அப்ப நன்றி சொல்லு.”

“சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்.”

கூடத்திலிருந்து அப்பாவின் குறட்டை கேட்டது. இத்தனை நாள் தலையணையால் காதைப் பொத்திக்கொள்வாள். இன்று கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

“தஹ்மீனா… அப்பா உருவ மறந்திருந்தா? அந்தத் தண்ணிக்கும் அண்ணன் வேலைக்கும் இன்னிக்கி நான் நன்றி சொல்லியிருப்பேனா?”