கப்பிக் குஞ்சுகளுக்கு ஒரு ஃபில்டர்

மீன்தொட்டி ஃபில்டரின் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது அந்தக் கப்பி மீன் குஞ்சு, இரண்டு கண்களும் நூலளவு வாலும்தான், விரல் நுனியால் எடுத்தபோது ஈரத்தைத் தவிர எதுவும் தட்டுப்படவில்லை ரெஜினாவுக்கு, பிறந்தவற்றில் பாதி இப்படியே போய்விட்டன, மீதி செடிக்குள் ஒளிந்திருக்கின்றன, அழுகை வருமா என்று சற்று நின்று பார்த்தாள், வரவில்லை, கணவர் அருளப்பன் போனதிலிருந்து எதுவுமே வருவதில்லை. தொட்டி அவர் வாங்கியது, கட்டிலருகே வைக்கிறோமே, உனக்குத் தூக்கம் கெடக் கூடாதுல்ல, என்று சத்தமே எழாத ஃபில்டராகத் தேடி வாங்கி விளிம்பில் மாட்டுகிறார், தண்ணீர் கண்ணாடிபோல் வழிந்து இறங்குகிறது, குஞ்சு போடுறதுக்குள்ள வேற மாத்திடலாம் ரெஜினா, என்கிறார், சொல்லும்போதே இருமுகிறார், பிறகு இருமல்தான் வீடு முழுக்க, பிறகு ஆஸ்பத்திரி.

கொளத்தூர் வண்ணமீன் கடையில் வெயிலும் மீன்தீனி வாடையுமாக இருக்கிறது, கடைக்காரர் அன்வர், இழுக்கிற ஃபில்டர் வேணாம்மா, வாயில துணி கட்டினாக்கூட அந்த வேகத்துல குஞ்சு ஒட்டிக்கிட்டுச் செத்துடும், குஞ்சுக்குப் பஞ்சு ஃபில்டர்தான், ஏர் பம்ப்புல ஓடுறது, என்று தண்ணீர் நிறைந்த பக்கெட்டில் ஒன்றைப் போட்டு ஓடவிடுகிறார், குபுகுபுவென்று குமிழிகள் எழுகின்றன, அவள் கை கடை மேசையைப் பற்றிக்கொள்கிறது, ஆஸ்பத்திரியில் அருளப்பன் தலைமாட்டில், ஆக்சிஜன் குழாய் வந்து சேரும் தண்ணீர்க் குப்பியில், இதே சத்தம், பகலும் இரவும் அதைக் கேட்டுக்கொண்டு அவர் விரலைப் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருக்கிறாள், சத்தம் வராதது இல்லீங்களா தம்பி, என்கிறாள், இருக்கும்மா, பெரிய மீனுக்கு ஓகே, குஞ்சு தங்காது, உங்க இஷ்டம். அவள் பர்ஸைத் திறந்தாள். பிறகு, இதையே குடுங்க, என்றாள், அழுக்கானா குழாய்த் தண்ணியில கழுவிடாதீங்க, தொட்டித் தண்ணிய கொஞ்சம் எடுத்து அதுலயே பிழிஞ்சு போடுங்க, என்று அன்வர் பின்னாலிருந்து சொன்னது யாரிடமோ சொன்னதுபோல் இருந்தது.

வீட்டில் பழையதைக் கழற்றி, பஞ்சைத் தண்ணீரில் அமிழ்த்தி, சுவிட்சைப் போட்டாள், அறை ஆஸ்பத்திரி ஆனது, அவர் மூச்சு ஏறுகிறது, இறங்குகிறது, தாங்காமல் சுவிட்சை அணைத்தாள், குமிழிகள் ஒவ்வொன்றாக நின்றன, அப்போதுதான் அந்த அமைதி வந்தது, நர்ஸ் ஆக்சிஜன் திருகை மூடுகிறாள், குப்பித் தண்ணீர் அசையாமல் நிற்கிறது, அம்மா கொஞ்சம் வெளிய இருங்க, என்கிறாள், அந்தச் சத்தத்துக்கா இத்தனை நாள் பயந்தோம், அது ஓடியவரை அவர் இருந்தார், நின்ற பிறகுதான் இல்லை. ரெஜினா சுவிட்சை மறுபடி போட்டாள்.

கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள், நெஞ்சு மரத்துத்தான் கிடந்தது, ஆனாலும் எழுந்து போகத் தோன்றவில்லை, மாலை வெளிச்சம் தொட்டிக்குள் இறங்கியபோது செடிக்குள்ளிருந்து ஒரு குஞ்சு வெளியே வந்தது, பஞ்சின்மேல் போய் ஒட்டியது, அவள் எட்டிப் பார்த்தாள், அது இழுபடவில்லை, பஞ்சைக் கொத்திக்கொண்டிருந்தது, பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. மேயுதுங்க, என்றாள், கட்டிலின் மறுபக்கம் பார்த்து. அவர் போன பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.