லேவி ஊற்றிய தண்ணீர்

செருப்பைக் கழற்றிப் பலகைக்கு அடியில் தள்ளும்போதே ஷெம்தோவ் வாசலைப் பார்த்துக்கொண்டான். வாசலை அடைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். மழைக்காக ஊரே நோன்பிருக்கும் நாள். மலையூரான சஃபேதில் நடக்கத் தெம்புள்ள அத்தனை பேரும் யூத ஜெபக்கூடத்தில்தான் இருந்தார்கள். இன்றைக்கு நழுவ வழியில்லை.

ஒரு மாதமாக நழுவிக்கொண்டுதான் இருந்தான். அவன் ஆரோன் வழிவந்த கோஹேன். தினமும் காலையில் மக்கள் முன் நின்று கைகளைத் தூக்கி ஆசீர்வாதம் சொல்ல வேண்டிய ஆசாரியக் குலம். அதற்கு முன், ‘உன் மக்களை அன்போடு ஆசீர்வதிக்கக் கட்டளையிட்டாய்’ என்று கடவுளிடம் சொல்லியாக வேண்டும். மனதில் அன்பில்லாதவன் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது, முன்கூட்டியே வெளியே போய்விட வேண்டும். ஷெம்தோவ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போவான். கிழவர் ஹஸ்தாயும் கோஹேன் என்பதால் காரியம் நிற்கவில்லை. “என்னப்பா, உன் வயிறு தொழுகை நேரம் பாத்துத்தான் கலக்குமா?” என்று சாயப்பட்டறையில் கேலி செய்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். நேற்று ஹஸ்தாய் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

நடந்தது இவ்வளவுதான். டமாஸ்கஸிலிருந்து துணி வாங்க வந்த வியாபாரி, சாயத்தொட்டி ஓரமாக நின்று, “நிசிம் லேவியோட பொண்ண என் மகனுக்குப் பேசலாம்னு இருக்கேன். நீங்க பக்கத்து வீடு. எப்படி?” என்று கேட்டார். அன்று காலைதான் நிசிம், ஷெம்தோவ் தோய்த்த நீலம் திட்டுத்திட்டாக இருக்கிறதென்று நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்திருந்தான். அந்த எரிச்சல் ஆறவில்லை. ஷெம்தோவ் கோலால் தொட்டியைக் கலக்கியபடியே, “நல்ல பொண்ணுதான். மத்ததெல்லாம் நான் எதுக்குச் சொல்லணும்?” என்றான். மற்றது என்று ஒன்றுமே கிடையாது. நிசிமின் மகள் ரெய்னாவைத் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து பார்த்தவன் அவன். வியாபாரி தலையை ஆட்டிவிட்டுப் போனார், சம்பந்தமும் அதோடு போயிற்று. அப்புறம் தெரு சும்மா இருக்குமா? இல்லாததற்குக் கண், காது, மூக்கு வைத்தது. இருமல் என்றார்கள். பிறகு, இருமல் மட்டுமில்லை என்றார்கள். ரெய்னா தெருக்கிணற்றுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். யார் தொடங்கி வைத்ததென்று நிசிமுக்கு இன்றுவரை தெரியாது.

மனைவி ஒரோவிடம் மட்டும் சொன்னான். “ஊரே பேசிச்சு, நீங்க மட்டுமா?” என்றாள் அவள். அவன் தன் கைகளைப் பார்த்தான். முழங்கை வரை நீலம், எந்தக் காரமும் எடுக்காத நீலம். சாயம் படிந்த கையோடு கோஹேன் ஆசீர்வதிக்கக் கூடாது, ஜனங்களின் கவனம் கைமேல் போய்விடும் என்பது சட்டம். ஆனால் ஊரில் பெரும்பாலோர் சாயத்தொழில் செய்தால் குற்றமில்லை. சஃபேதில் எங்கே பார்த்தாலும் நீலக் கைகள் என்பதால் அவன் பிழைத்தான். நாக்குக்கும் அப்படி ஒரு சலுகை இருந்துவிடக் கூடாதா என்று அவனுக்கு ஆசையாக இருந்தது. ஆசைப்பட்டதற்கே கூசிப்போனான்.

போன வாரம் மதகுரு ரபி வேறு சொல்லிவிட்டார். “மேல தண்ணி இல்லாம இல்ல. கீழ நாம செய்யற காரியந்தான் மேல மதகத் திறக்குது. ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு கசப்பு இருந்தாப் போதும், வாய்க்கால் அடைச்சுக்கும்.” கூட்டத்தில் ஆளாளுக்கு அடுத்தவனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஷெம்தோவ் குனிந்த தலை நிமிரவில்லை.

கோஹேன் ஆசீர்வதிக்க மேடை ஏறுமுன் அவன் கையில் தண்ணீர் ஊற்ற வேண்டியது லேவி குலத்தவன். பக்கத்து அறையில் நிசிம் செம்புக் கூஜாவோடு காத்திருந்தான்.

“இங்க தொட்டி வத்திடுச்சு. எங்க வீட்டுத் தண்ணி இது,” என்றான். “ஷெம்தோவ் மாமா கைக்குன்னு ரெய்னாதான் வடிகட்டிக் குடுத்தா. அவளும் வந்திருக்கா. ரொம்ப நாள் கழிச்சு இன்னிக்குத்தான் வாசப்படி தாண்டினா.”

ஷெம்தோவ் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். வெட்கம் காதுமடல் வரை சுட்டது.

“நிசிம், அந்த டமாஸ்கஸ்காரர்கிட்ட சொன்னது நான்தான்.”

“என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல. சொல்றதுக்கு என்னமோ இருக்கற மாதிரி வாய மூடிக்கிட்டேன்.”

நிசிம் கூஜாவையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே தொழுகைக் குரல் நெருங்கிக்கொண்டிருந்தது.

“அதுக்கப்புறம் மூணு ஓய்வுநாள் எங்க வீட்ல சாப்பிட்ட,” என்றான் மெதுவாக. “அவதான உனக்குப் பரிமாறினா.”

“ஆமா.”

“இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க மாமான்னு சொன்னா.”

ஷெம்தோவுக்கு, திட்டினாலோ அடித்தாலோ தேவலை என்றிருந்தது. “நான் வெளிய போயிடறேன்,” என்றான் கடைசியில்.

“எங்க போவ? வேற கோஹேன் இல்ல. கைய நீட்டு.”

நிசிம் ஊற்றினான். மணிக்கட்டு வரை, ஒரு விரலும் விட்டுப்போகாமல், கூஜா காலியாகும்வரை ஊற்றினான். ஷெம்தோவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“ஊரு காஞ்சு கெடக்கு, அதுக்கு ஊத்தறேன்,” என்றான். “உனக்கில்ல.”

வெறுங்காலோடு ஷெம்தோவ் போய் வேதப் பேழையைப் பார்த்து நின்றான். கல்தரை சில்லிட்டது. சால்வையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டான். கூட்டம் அடங்கியது. கோஹேன்கள் இரண்டு பேர் இருந்தால் தொழுகை நடத்துபவர் குரல் கொடுத்துக் கூப்பிடுவார், கூப்பிட்டதும் மக்கள் பக்கம் திரும்பினால் போதும். ஒருவனே என்றால் கூப்பிட மாட்டார்கள். அவனாகத்தான் திரும்பி, ‘அன்போடு’ என்ற அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும்.

திரும்பினால் முன்வரிசையில் நிசிம். அவனுக்குப் பின்னால், பெண்கள் நிற்கும் மரத்தடுப்பு. யாரும் கூப்பிடவில்லை. ரெய்னா வடிகட்டிய தண்ணீர் நீல விரல்களிலிருந்து அவன் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.