திருமலை வீட்டுக் கொடியின் நிறம்

திருமலை வீட்டு மாடியில் ஏற்றப்படும் தேசியக் கொடி, ஏற்றிய சற்று நேரத்தில் முழுக்க வெள்ளையாகிவிடும். முதலில் காவி போகும், பிறகு பச்சை, கடைசியாக நடுவிலிருக்கும் நீலச் சக்கரம். சாயம் ஒழுகுவதில்லை, கம்பத்தில் கறை படிவதுமில்லை. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையை ஒட்டிய அந்த ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. வெளியூர்க்காரர்கள் கேட்டால் மட்டும் ஊர்க்காரர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்தக் குடும்பத்தின் மேல் அவ்வளவு மரியாதை.

அந்த மரியாதை திருமலையின் அப்பா காலத்தில் வந்தது. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் ஊரில் கொடி ஏறிய ஒரே வீடு அவர்களுடையது. சுதந்திரத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டில் வீட்டுக்கு வீடு கொடி ஏற்றச் சொன்னபோது திருமலைக்கு உள்ளூர வருத்தம்தான். இருந்தாலும் முதுகை நிமிர்த்திக்கொண்டு தெருவில் இறங்கி ஒவ்வொரு வீட்டுக் கொடியையும் பார்வையிட்டார். ஒன்றில் காவி ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில் இருந்தது. ஒன்றில் பச்சை மேலே இருந்தது. எதிர்வீட்டு வாடகை அறையில் நாங்குநேரிப் பக்கத்துப் பையன் உச்சிமாகாளி ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த கொடியில் சக்கரம் பச்சைக்குள் இறங்கியிருந்தது. "இது கொடி இல்ல தம்பி, கர்ச்சீப்பு. அவுத்துடு" என்றார் திருமலை. நைட் ஷிப்ட் முடித்து வந்திருந்த உச்சிமாகாளி கண்ணைக் கசக்கிக்கொண்டு அவர் தலைக்கு மேலே பார்த்தான்.

"அவுக்கேன் தாத்தா. ஆனா ஒங்க வீட்ல மட்டும் என்ன, சமாதானக் கொடி ஏத்திருக்கிய?"

திருமலை திரும்பிப் பார்த்தார். மொட்டை மாடியில் ஒரு வெள்ளைத் துணி காற்றில் அழகாகப் பறந்துகொண்டிருந்தது.

விலை மலிந்த பாலியெஸ்டர் துணியின் கோளாறு என்று முதலில் நினைத்தார். அடுத்த முறை காஞ்சிபுரத்தில் கதர்க் கொடி வாங்கினார். அது வெளுக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். வாலாஜாபாத்தில் ரவிக்கைத் துணிக்கு நிறம் பொருத்தித் தரும் மேட்சிங் சென்டருக்குப் போய், பழைய கொடியை வைத்துக் காவியும் பச்சையும் தேடினார். கடைக்காரன் லைனிங் வேண்டுமா என்று கேட்டான். தைத்து ஏற்றிய அந்தக் கொடியும் வெளுத்தது. கொடியை அவமதிப்பதாக யாரோ மனுக் கொடுக்க, கிராம நிர்வாக அலுவலர் வந்து நிழலில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார். ஏற்றும்போது அது முறையான கொடி என்றும், வெளுத்த பின் வெறும் துணி என்றும், துணி பறப்பதைத் தடுக்கச் சட்டமில்லை என்றும் சொல்லி மோர் குடித்துவிட்டுப் போனார்.

எதிர் ஜன்னலில் உச்சிமாகாளியின் கொடி மழையிலும் லாரிப் புழுதியிலும் மாதக்கணக்கில் நிறம் மாறாமல் தொங்கியது. திருமலை அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

அந்த எழுபத்தைந்தாம் ஆண்டுச் சுதந்திர தினத்துக்குச் சில மாதங்கள் முன்புதான் அவருடைய ஒரே மகன் பாபு ஒரகடம் மேம்பாலத்தடியில் டிரெய்லர் லாரியில் மோதி இறந்திருந்தான். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. காரியம் முடிந்த அன்று, தன் வீட்டில் இருக்கும்வரை மருமகள் கலைமதி பொட்டும் பூவும் வண்ணப் புடவையும் தொடக்கூடாது என்று திருமலை சொன்னார். தெருவில் மற்ற வீடுகள் அந்த வழக்கத்தை விட்டு நாளாகிவிட்டது. மற்ற வீடுகள் வேறு, தன் வீடு வேறு என்பது அவர் எண்ணம். வேலைக்குப் போவதை அவர் தடுக்கவில்லை. கம்பெனியில் அவள் மேல்கோட்டும் வெள்ளைதான். கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் அவள் சிவப்புப் பொட்டு ஒன்று வைத்துக்கொள்வதும், திரும்பும்போது ஊர் முனையில் அதை எடுத்துவிடுவதும் அவர் மனைவி சுந்தராம்பாளுக்குத் தெரியும். அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

மேட்சிங் சென்டர் கொடியும் வெளுத்த அன்று சுந்தராம்பாள் வாய் திறந்தாள். "அந்தப் பொண்ணு நெத்தியில இருந்து எடுத்தீங்களே, அன்னிக்கே கலரு இந்த வூட்ட வுட்டுப் போயிட்ச்சு. நீங்க இன்னாடான்னா மாடியில போயி தேடிக்கினு கீறீங்க."

அது திருமலைக்கு உறைக்க ஒரு வருடம் ஆயிற்று. அடுத்த சுதந்திர தினத்துக்கு முன் காஞ்சிபுரம் போய்க் கொடிக்குப் பதிலாக ஒரு பச்சைப் புடவை வாங்கிவந்தார். கடையில் புடவையை வாசல் வெயிலுக்குக் கொண்டுவரச் சொல்லி, விரித்துப் பார்த்துத்தான் எடுத்தார். அதைச் சுந்தராம்பாளிடம் நீட்டி, கட்டிக்கொள்ளச் சொல் என்றார்.

கலைமதி கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கதவிலிருந்து சாமி படம்வரை நடப்பதற்குள் புடவை வெளுத்துவிட்டது. மூவரும் அதைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஒரு வெள்ளைப் புடவை, அவ்வளவுதான்.

"லேட்டா பூட்ச்சு மாமா" என்றாள். "நான் சுங்குவார்சத்திரம் கம்பெனி ஹாஸ்டலுக்குப் போயிடறேன். உங்க மேல கோவம் இல்ல. இங்க எதுவும் நிக்க மாட்டேங்குது."

வாழவந்த பெண் தனியாகப் பை தூக்கிக்கொண்டு போனால் ஊர் என்ன பேசும் என்பது திருமலைக்குத் தெரியும். பாபு இருந்த வீட்டில் பாபுவின் பெயரைச் சொல்ல வேறு யார் மிச்சம் என்பதும் தெரியும். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் பையைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அந்தக் குடும்பத்து ஆம்பளை அடுத்தவர் பையைத் தூக்கி ஊர் பார்த்ததில்லை. டீக்கடைப் பையன் எழுந்து நின்றான். எங்கே போகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், "என் மருமகள அனுப்பிட்டு வரேன்" என்றார். குரல் தாழவில்லை.

கோயிலைத் தாண்டியதும் அவள் புடவைக் கரையில் பச்சை அரும்பியது. கால்வாய்ப் பாலத்தில் முழங்கால்வரை ஏறியது. பஸ் வந்தபோது அவள் தலையிலிருந்து கால்வரை பச்சையாக நின்றாள். எத்தனையோ கடையில் தேடியும் கிடைக்காத பச்சை. திருமலை பையை உள்ளே வைத்துவிட்டு இறங்கினார். தொட்டு ஆசீர்வாதம் செய்ய எடுத்த கையைப் பாதியில் இறக்கிக்கொண்டார்.

அடுத்த குடியரசு தினத்தன்று காலையில் கலைமதி போன் செய்தாள். பின்னால் ஹாஸ்டல் பெண்கள் இட்லிக்குச் சண்டை போடும் சத்தம் கேட்டது. கொடி ஏற்றியாயிற்றா என்று கேட்டாள். ஏற்றியாயிற்று என்றார்.

"கலர் நிக்குதா மாமா?"

வாழ்நாளில் நிறத்தைப் பற்றி ஒரு பொய்கூடச் சொல்லாத மனிதர் அவர். மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

"நிக்குது. மூணும் நல்லா நிக்குது. நீ ஒண்ணும் திரும்பி வரத் தேவையில்ல ம்மா."

மாலையில் அவரே மாடியேறி அந்த வெள்ளைத் துணியை இறக்கினார். தரையில் பட விடாமல், சுந்தராம்பாளை ஒரு முனை பிடிக்கச் சொல்லி மடித்தார். நீ பிடித்திருப்பது பச்சைப் பக்கம், மாற்றிப் பிடி என்றார். அவள் மாற்றிப் பிடித்தாள்.