கழுவாத டாங்க்

எள்ளு வயலுக்கு முதுகுத் தெளிப்பானில் முதல் டாங்கை அடித்து முடித்து, இரண்டாவதற்கு ஊற்றக் குனிந்தபோதுதான் அந்த வாடை மூக்கில் ஏறியது. ஆஸ்பத்திரி வராண்டாவில் வருமே, பினாயில் மாதிரி, அந்த வாடை. ராத்திரி ஊறவைத்துக் காலையில் துணியில் வடிகட்டிய டிஏபி உரத் தெளிவு இப்படி நாறாது.

"ஏங்க, இந்த டாங்க்ல என்னா இருந்துச்சு?"

என் வீட்டுக்காரர் கதிரவன் தலையைச் சொறிந்தார். "இளவரசு மச்சான்கிட்ட வாங்கியாந்தேன். போன வாரம் வரப்புக் கோரைக்கு மருந்தடிச்சாரு."

"கழுவுனீங்களா?"

அவர் டாங்குக்குள் எட்டிப் பார்த்தார்.

"அட பாவி மனுசா!"

கோரைக் களையைக் கொல்லும் மருந்து நெல்லை ஒன்றும் செய்யாது. காலம் பூராவும் நெல்லே போட்ட எங்கள் பக்கத்து ஆட்களுக்கு டாங்கைக் கழுவும் பழக்கமே கிடையாது. எள்ளுக்கு அது எமன். குருத்து முறுக்கிக்கொண்டு செடி நின்றபடியே சாகும்.

எள்ளு செத்தால் நிலமும் போச்சு. கிள்ளை ரோட்டோரத்து இந்தக் களிமண்ணை இறால் குட்டைக்கு விடச் சொல்லி, செம்மண்டலத்தில் இருக்கும் என் வீட்டுக்காரருடைய அண்ணன் ராஜமாணிக்கம் மாமா ஒற்றைக் காலில் நிற்கிறார். களியில் நெல்லைத் தவிர எதுவும் வராது என்பது அவர் கட்சி. உப்புத் தண்ணீர் ஒருமுறை நின்றால் அப்புறம் புல்கூட முளைக்காதே என்று மல்லுக்கட்டி, எள்ளுக்கு ஒரே ஒரு போகம் கேட்டு வாங்கியவள் நான். மண்ணில் கொட்டும் உரம் வெடிப்பில் இறங்கி வீணாகிறது, பூவெடுக்கும்போது இலைக்குக் கொடுப்போம் என்றவளும் நான்தான். மத்தியானம் குட்டைக்காரரோடு மாமா வருவதாகச் சொல்லியிருந்தார்.

"வாய்க்கால் தண்ணியக் கொண்டாங்க! இலையக் கழுவணும்!"

வாளி வாளியாகச் சுமந்து கையால் அள்ளித் தெளித்தோம். அவர் பதற்றத்தில் வாளியோடு கவிழ்க்கப் போனார்.

"ஜாஸ்தி ஊத்தாதீங்க! களியில தண்ணி நின்னா வேரு அழுகிடும்!"

இலையில் மருந்து, வேரில் தண்ணீர். எது முதலில் கொல்லுமோ தெரியவில்லை. திருவந்திபுரம் பெருமாளே, இந்த எள்ளைக் காப்பாற்று, என் புருஷனுக்கு மொட்டை போடுகிறேன் என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டேன்.

உச்சிப் பொழுதுக்குள் முதல் நாலு வரிசையும் முறுக்கிக்கொண்டன. குழாயில் தேங்கியிருந்த மருந்தெல்லாம் அதில்தான் இறங்கியிருக்க வேண்டும். மாமா கண்ணில் படக்கூடாதென்று, பூவும் பிஞ்சுமாக அத்தனையையும் பிடுங்கி வரப்புக்குப் பின்னால் போட்டேன்.

மாமா காரைவிட்டு இறங்கியதும் நேரே அங்கேதான் பார்த்தார்.

"நாலு வரிசை வெறுமனே கெடக்கு. நான் சொல்லல? களி!"

குட்டைக்காரர் சிரித்தார். உண்மையைச் சொன்னால் என் வீட்டுக்காரருக்கு அவமானம். சொல்லாவிட்டால் மண்ணுக்குக் கெட்ட பேர்.

"முளைக்காம இல்ல மாமா," என்றேன் எப்படியோ. "டாங்க கழுவாம அடிச்சி நாங்கதான் கொன்னுட்டோம். வந்து பாருங்க."

மாமா குவியலிலிருந்து ஒரு செடியைத் தூக்கினார். வேரில் களிமண் கட்டியாக ஒட்டியிருந்தது. கணுவுக்குக் கணு பிஞ்சு. விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"இம்மாம் பிஞ்சா? நம்ம களியிலயா?"

திரும்பி, "அறுப்பு முடியட்டுங்க, அப்புறம் பேசிக்கலாம்," என்று குட்டைக்காரரிடம் சொன்னார். தம்பி முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

கார் போனதும் என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். நான் வயலைப் பார்த்தேன். ஐந்தாவது வரிசையிலும் குருத்துகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"வெயிலுக்குத் தொங்குதுடி," என்றார்.

"வாயக் கழுவுங்க. டாங்கையும் கழுவுங்க."

அவர் டாங்கைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார். நான் அங்கேயே, அந்த ஐந்தாவது வரிசை முன்னால் உட்கார்ந்துவிட்டேன். கண்ணை எடுத்தால் செத்துவிடுமோ என்று பயம். வெயில் தாழத் தாழ ஒரு குருத்து அசைந்தது, பக்கத்தில் இன்னொன்று. பொழுது சாயும் நேரத்தில் வரிசை முழுக்க நிமிர்ந்து நின்றது. அப்போதுதான் எனக்கு அழுகை பீறிட்டது.

ஈரக் கையோடு ஓடிவந்தார். "என்னாடி ஆச்சு? போயிடுச்சா?"

"மொட்டைக்கு நாள் பாருங்க," என்றேன்.