மூன்றே கால் அடி

"அகலம் எவ்ளோ வருங்க?" என்று கேட்டாள் சிந்துஜா.

பச்சை மூங்கிலை முழங்காலால் அழுத்திக்கொண்டு அறுத்தவர் நிமிர்ந்து பார்த்தார். பாடைக்கு அளவு கேட்ட பெண்பிள்ளையை அவர் இதுவரை பார்த்ததில்லை.

"இன்னாம்மா?"

"பாடைங்க. எவ்ளோ அகலம்?"

"ரெண்டரை அடி. உங்கப்பா ஒல்லி ஆளுதான, போதும்."

"தூக்கறவங்களோட சேத்து?"

"அது வரும் அஞ்சடி. இன்னாத்துக்குக் கேக்கற?"

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். அவர் மறுபடி ரம்பத்தை எடுத்தார். ஐந்தடி. ஸ்டேடியத்து கேட் ஒரு மீட்டர். ஒரு மீட்டர் என்றால் மூன்றே கால் அடி. சென்னை ஆபீசில் இந்தக் கணக்கை அவள் ஒரு நாளைக்கு நூறு தடவை போடுவாள்.

குளத்துமேட்டுத் தெருவில் சாமியானா பந்தல் வெயிலைத் தடுக்கவில்லை. ஐஸ் பெட்டிக்குள் அவளுடைய அப்பா காசி படுத்திருந்தார். காலையில் பல் துலக்கிவிட்டுக் காபி கேட்டவர், காபி வருவதற்குள் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். முப்பத்தோரு வருஷம் கண்டக்டர். அதில் பத்தொன்பது வருஷம் கீழ்பென்னாத்தூர் வண்டி. பெட்டிக்கு மேலே யாரோ அவருடைய விசிலையும் வைத்திருந்தார்கள்.

சிந்துஜா வந்து சேர மதியம் இரண்டாகிவிட்டது. இன்று பௌர்ணமி. பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கிரிவலம் போகிற கூட்டத்துக்கு எதிரே, பையை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்தாள். வழியில் ஒருவர் தொன்னையில் பொங்கலை நீட்டி, "சாப்புடும்மா, சாமி பிரசாதம்" என்றார். வாங்கிக்கொண்டாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் வீட்டு வாசல்வரை கையிலேயே வைத்திருந்தாள். வாசலில் அம்மா அதைப் பார்த்தாள். "குடு" என்று வாங்கி ஓரமாக வைத்தாள். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் அழுதார்கள்.

ராமகிருஷ்ணன் வேர்க்க விறுவிறுக்க வந்தார். அந்தப் பத்தொன்பது வருஷமும் காசியின் வண்டியை ஓட்டிய டிரைவர்.

"பெரிய ரோட்டுல உட மாட்டாங்களாம். போலீஸ்காரரு கையெடுத்துக் கும்புடறாரு. ரெண்டு லட்சம் ஜனம் நடக்குது சார், நடுவுல பொணத்த எப்படி உடறதுங்கறாரு. நாளைக்கு மத்தியானம்தான் ரோடு தொறப்பாங்களாம்."

"நாளைக்கு சனிக்கிழம" என்றாள் சிந்துஜாவின் அம்மா ரேணுகாம்பாள். குரலில் ஒன்றுமில்லை.

"அதான் அண்ணி நானும் சொன்னேன். சனிப் பொணம் தனியாப் போவாது. கோழி கட்டணும், அது வேற."

பக்கத்து வீட்டு சரோஜா மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"பெரிய ரோடு இன்னாத்துக்கு? எங்க மாமனாரு, எங்க மாமியாரு, எங்கூட்டுக்காரரு, எல்லாம் எந்த வழியாப் போனாங்க? கிரவுண்டு ஓரமா பத்து நிமிசத்துல சுடுகாடு. அத அடச்சி ஸ்டேடியம் கட்டி, புல்லு நட்டு, காகிதப்பூ நட்டு வெச்சிருக்கான். மாட்டுக்குக்கூட ஆவாத புல்லு! எந்தக் கட்டையில போறவன் பிளான் போட்டானோ, அவங்கூட்டுப் பொணம் எந்த வழியா போவுதுன்னு நானும் பாக்கறேன்."

"சரோஜா."

"இன்னா அண்ணி, நான் தப்பாவா சொல்லிட்டேன்? அண்ணன் எத்தினி திங்கக்கிழம அலைஞ்சிருக்கும் வேங்கிக்காலுக்கு? கலெக்டர் ஆபீசு வாசல்ல மனுவும் கையுமா. ஏழு வாரம்! அதுக்கு முன்னாடி, 'வழி உட்டுருக்காங்க, எனக்கு நல்லாத் தெரியும்'னு தெருவுக்கே சொல்லிச்சி. கடசில பாத்தா ஆடு நுழையற மாதிரி ஒரு கேட்டு. தெருவே சிரிச்சிச்சி. உனக்கு யாருண்ணா சொன்னது வழி உட்டாங்கன்னு கேட்டேன். யாரோ மெட்ராஸ் இஞ்சினியருன்னுச்சி."

"வாய மூடுன்னு சொல்றேன்" என்றாள் ரேணுகாம்பாள்.

சிந்துஜா ஐஸ் பெட்டியின் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வாரம். ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா போன் செய்வார். சாப்பிட்டியா, மழையா, ஆபீசு எப்படி. மறுநாள் மனுவோடு போகப்போகிறேன் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

போன ஆடியில், இதே வீட்டுத் தரையில் லேப்டாப்பைத் திறந்து, தான் வரைந்த ஸ்டேடியம் பிளானை அவருக்குக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டீக்கடையை அடையாளம் வைத்து வீட்டைக் கண்டுபிடித்தார்.

"இந்தப் பச்ச இன்னாமா?"

"புல்லுப்பா. வெளிநாட்டுலலாம் போடறாங்களே, அந்த மாதிரி. இது புங்க மரம், இது சரக்கொன்றை, இது உக்கார மேடை."

"ஷோக்கா இருக்குது. நம்ப வழி எங்க?"

"எந்த வழிப்பா?"

"பொணம் போற வழிம்மா."

அவள் சிரித்துவிட்டாள். "அப்பா, அது வி.ஐ.பி. கேலரிக்குப் பின்னாடி வருது. அங்க போயி சுடுகாட்டுப் பாதைன்னு எழுத முடியுமா?"

"எழுத வேணாம். எடத்த மட்டும் உடு."

விட்டாள். இரண்டு பக்க வேலியிலும் நேருக்கு நேராகப் பன்னிரண்டு அடி. அடுத்த மாதக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் பேனா முனையை அந்த இடைவெளியில் வைத்து, "இது எதற்கு?" என்றார். கண்ணாடி மேசையைச் சுற்றி ஒன்பது பேர். காபி ஆவி பறந்துகொண்டிருந்தது. சிந்துஜாவின் வாயில் "புல்வெட்டும் மெஷின் போறதுக்கு சார்" என்று வந்தது. "மெஷினுக்கு ஒரு மீட்டர் போதுமே" என்றார் அவர். எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள்.

அன்று சாயங்காலம் அப்பா போனில் கேட்டார். "வழி?"

"விட்டிருக்கேன்பா" என்றாள்.

அவளுக்கே மனசு கேட்கவில்லை. வேலி வரைபடத்தில், அந்த ஒரு மீட்டர் கேட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள கம்பித் தட்டிகளைப் போல்ட் போட்டுக் கழற்றுகிற மாதிரி மாற்றினாள். மண் வண்டி வந்தால் உதவும் என்று எழுதினாள். தட்டிக்கு நாலு போல்ட். யாரும் கவனிக்கவில்லை. அதை நினைத்து அன்று தூங்கினாள்.

இப்போது பந்தலை விட்டு வெளியே வந்து பிரசாத்துக்குப் போன் செய்து, பாடை ஒன்று உள்ளே போக வழி கேட்டாள். ஸ்டேடியம் வேலையைப் பார்க்கிற சைட் இஞ்சினியர்.

"மேடம், நாளான்னைக்குத் தொறப்பு விழா. செவ்வாக்கிழமதான் புல்லு போட்டோம், வேரே புடிக்கல."

"எங்கப்பா, பிரசாத்."



"...சாரி மேடம். தெரியாது. வரச்சொல்லுங்க. ரெண்டு கேட்டும் தொறந்து வெக்கறேன். பூவு, வெடி, மேளம் மட்டும் உள்ள வேணாம். வேலை போயிடும் எனக்கு."

ராமகிருஷ்ணனிடம் வந்து சொன்னாள். "மாமா, ஸ்டேடியம் வழியா விடறாங்க."

"அந்தக் கேட்டுல பாடை நுழையாதே பாப்பா. தோள்ல ஏத்துனத சுடுகாட்டு வாசல் அரிச்சந்திரன் கல்லு வராம கீழ எறக்கக் கூடாது. தெரியுமில்ல?"

"நுழையும் மாமா. வாங்க."

"நீ எப்படிச் சொல்ற?"

"வாங்க மாமா."

நாலரை மணிக்குக் குளிப்பாட்டினார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். ரேணுகாம்பாள் அரிசியைப் போட்டுவிட்டு, அவருடைய மேல் உதட்டில் ஒட்டியிருந்த ஒரு மணியை விரலால் எடுத்தாள். சித்தப்பா மகன் வளவன் கொள்ளிச்சட்டியைத் தூக்கினான். ஆண்பிள்ளை இல்லாத வீடு, அவன்தான் முன்னே நடக்க வேண்டும். நாலு பேர் தோள் கொடுத்தார்கள். முன்பக்கம் வலது தோள் ராமகிருஷ்ணன்.

"கனமே இல்லியேடா" என்றார் பின்னால் தூக்கியவர்.

"நின்னுக்கினே வேல பாத்த ஒடம்பு" என்றார் ராமகிருஷ்ணன்.

தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட வேண்டும். சிந்துஜா நிற்கவில்லை. அவள் நிற்காததால் அம்மாவும் நடந்தாள். அம்மாவும் நடந்ததால் சரோஜாவும் நாலைந்து பெண்களும் பின்னால் வந்தார்கள். மேளம் ஸ்டேடியம் சுவர் வரை வந்து நின்றது.

வெள்ளைச் சுவர் முடிந்த இடத்தில் கம்பி வேலி. நடுவில் பச்சை பெயின்ட் அடித்த சின்ன கேட். அதற்கப்பால் புல், ஊரில் எங்கும் இல்லாத பச்சையில், மேடும் பள்ளமுமாக, எதிர்ப்பக்க வேலி வரை. புங்கங்கன்றுகள் குச்சிகளில் கட்டியிருந்தன. அதற்கும் அப்பால் மலை. 'புல் மேல் நடக்காதீர்' என்ற பலகைக்குப் பக்கத்தில் பிரசாத் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

பாடை கேட்டுக்கு முன்னால் நின்றது. வளவன் உள்ளே போய்விட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"நான்தான் சொன்னனே" என்றார் ராமகிருஷ்ணன், தோளை மாற்றாமல்.

"ஒரு நிமிஷம் மாமா. இந்தத் தட்டியக் கழட்டிடலாம்." சிந்துஜா கேட்டை ஒட்டிய கம்பித் தட்டியைப் பிடித்தாள். "ரெண்டு பக்கமும் நாலு நாலு போல்ட்டு. அஞ்சு நிமிஷம். பிரசாத், ஸ்பேனர் எடுங்க."

"யாரு சொன்னது கழட்டலாம்னு?" என்றாள் சரோஜா. "அவுங்க வேலிய நீ ஏம்மா கழட்டற, வம்பாயிடப் போவுது."

"கழட்டலாம் அத்தை. அப்படித்தான் வரைஞ்சிருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

மேளக்காரர் குச்சியை இடுப்பில் செருகுவதைச் சிந்துஜா பார்த்தாள்.

"நான்தான் வரைஞ்சேன்" என்றாள். "இந்தப் புல்லு, இந்தக் கேட்டு, எல்லாம். அப்பா கேட்ட வழிய நான் விடல. விட்டேன்னு பொய் சொன்னேன். அவரு அதத்தான் உங்ககிட்ட சொன்னாரு."

பெரிய ரோட்டிலிருந்து அரோகரா என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. சரோஜா வாயைத் திறந்தாள். ரேணுகாம்பாளைப் பார்த்தாள். ரேணுகாம்பாள் தலை குனிந்திருந்த விதத்தில், அவளுக்கு இது புதுச் செய்தி இல்லை என்பது தெரிந்தது. சரோஜா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மேடம்" என்றான் பிரசாத் மெதுவாக.

"ஸ்பேனர் எங்க?"

"இல்ல மேடம். கீழ பாருங்க."

அவள் குனிந்தாள். போல்ட் வர வேண்டிய இடத்தில் உருகி வழிந்து இறுகிய இரும்பு. அதன் மேலேயும் பச்சை பெயின்ட். விரலால் தடவினாள். மேலே பார்த்தாள், அங்கேயும் அதேதான். எட்டு இடத்திலும்.

"போல்ட்டு போட்டா கழட்டி எடைக்குப் போட்டுடுவாங்கன்னு வெல்டு வெச்சிட்டாங்க. எனக்கே அப்பறம்தான் தெரியும்."

"கட்டர்?"

"மெஷினெல்லாம் நேத்தே வண்டியேறிடுச்சி மேடம்."

அவள் தட்டியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. ஒரு தடவை இழுத்தாள். அது அசையக்கூட இல்லை.

பின்னால் தூக்கியவர், "ரொம்ப நேரம் நிக்கக் கூடாது" என்றார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

ராமகிருஷ்ணன் காசியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எறக்குங்க."

"அரிச்சந்திரன் கல்லு..."

"எறக்குங்கடா. நான் அவனாண்ட சொல்லிக்கறேன்."

தோளிலிருந்து பாடை இறங்கியது. தரையில் படாமல் இடுப்பளவில் பிடித்தார்கள். ராமகிருஷ்ணன் தன் இடத்தை வளவனின் தம்பிக்குக் கொடுத்துவிட்டு முதலில் உள்ளே போனார். புல்லில் நின்று, முகத்தை இந்தப் பக்கம் வைத்து, இரண்டு கையையும் தூக்கினார். அவர் வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் காசி இப்படித்தான் நின்றிருப்பார்.

"வரட்டும்... வரட்டும்... ரைட்ல ஒடி... கம்மியா, கம்மியா... வரட்டும்..."

முன்னால் பிடித்தவர்கள் பக்கவாட்டில் திரும்பி உள்ளே நுழைந்தார்கள். பச்சை ஓலை கம்பியில் உரசிக் கிழிந்தது. பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காசியின் தலை மெல்லத் திரும்பி, கேட்டின் நிலைக்கம்பியில் இடித்தது. பெரிய சத்தமில்லை. பெண்களில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

"ஹோல்டேன்!" என்று கத்தினார் ராமகிருஷ்ணன். குரல் உடைந்துவிட்டது.

எல்லோரும் அப்படியே நின்றார்கள். சிந்துஜா குனிந்து, கம்பிக்கும் அப்பாவின் காதுக்கும் நடுவே தன் உள்ளங்கையை விட்டாள். ஐஸ் பெட்டியின் குளிர் இன்னும் அந்தக் காதில் இருந்தது. கம்பி சுட்டது.

"இப்ப வாங்க மாமா" என்றாள்.

"...வரட்டும். வரட்டும். ரைட்."

அவள் புறங்கையை உரசிக்கொண்டு அப்பா உள்ளே போனார். மாலையிலிருந்து ஒரு கொத்து சம்பங்கி கம்பியில் மாட்டிக்கொண்டது. உள்ளே போனதும் மறுபடி தோளுக்கு ஏற்றினார்கள். பூ வேண்டாமென்று சொல்லியிருந்தும் ஒரு கிழவர் பழக்கத்தில் பொரியை வாரி இறைத்துக்கொண்டே போனார். பிரசாத் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்னும் வேர் பிடிக்காத புல்லில் அவர்களுடைய வெறுங்கால்கள் கணுக்கால்வரை அமிழ்ந்தன. ஒவ்வொரு காலையும் பிடுங்கி எடுத்துத்தான் நடக்க முடிந்தது.

பெண்கள் கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்றார்கள். அரிச்சந்திரன் கல்லுக்கு எத்தனையோ தூரம் முன்பே, இதுதான் எல்லை என்று ஆகிவிட்டது.

எதிர்ப்பக்க வேலியில் ராமகிருஷ்ணனின் குரல் மறுபடியும், சின்னதாக, "வரட்டும்... வரட்டும்..." என்றது. அங்கேயும் அதே அளவுதான்.

"போலாம்" என்றாள் சரோஜா, யாருக்கும் இல்லாமல். ரேணுகாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். சிந்துஜாவின் பக்கம் திரும்பவில்லை. பத்தடி போன பிறகு அம்மா நின்றாள்.

"கையில ரத்தம் பாரு" என்றாள். "வந்து கழுவு."

"வரேம்மா."

புல்லுக்கடியில் எங்கேயோ குழாய் முனகியது. பிரசாத் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். "ஆறு மணி மேடம். தண்ணி தானா வந்துடும். நிறுத்தட்டுங்களா?"

அவள் குறித்துக் கொடுத்த நேரம்தான். ஆறிலிருந்து ஆறே கால்.

அவள் சொல்லுமுன் பொத்தான் பொத்தானாகப் புல்லிலிருந்து தண்ணீர் எழுந்து சுற்றத் தொடங்கியது. இந்த கேட்டிலிருந்து அந்த கேட் வரை ஒரே நேர்கோட்டில் கிடந்த கால்பள்ளங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. அவற்றில் பொரி மிதந்தது.