கோர்வோ மலையில் யோசப்பின் குரல்

எங்கே போக ஆசை என்று மகள் ஏஞ்சலா கேட்டபோது, லூர்து மாதா கோவில் என்றோ பாத்திமா என்றோ யோசப் சொல்வான் என்றுதான் றோசலின் நினைத்தாள். அவர்களுடைய இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு மகள் தரும் பரிசு அந்தப் பயணம். யோசப் சோற்றைப் பிசைந்தபடி, "ஒரு எரிமலையில ஏறிப் பாக்கோணும்" என்றான்.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்?"

"எரியிறதில்லை. அணைஞ்சது. ரீவியில ஒருக்கா காட்டினவங்கள். மேல போய் உள்ளுக்கை எட்டிப் பாக்கலாமாம்."

அவ்வளவு நீளமாக அவன் பேசியதே வீட்டில் ஒரு செய்திதான். யோசப் குளிரூட்டிய களஞ்சியம் ஒன்றில் இரவு வேலை செய்பவன். றோசலினுக்குக் கனடாவின் ஸ்காபுரோவில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் காலை வேலை. அஜக்ஸ் நகரில் அவர்களுடைய வீட்டு வாசலில் அவனுடைய கார் வந்து நிற்க, அவளுடைய கார் வெளிக்கிடும். அவள் எழும்பிப் போன சூட்டிலேயே அவன் போய்ப் படுப்பான். ஞாயிறு பூசையிலும் கலியாண வீடுகளிலும் பக்கத்தில் இருப்பான், பாதிக் கண் மூடியபடி. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை பிடிப்பதற்கும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டுமே.

றோசலினோடு வேலை செய்யும் போர்த்துக்கேயப் பெண்ணொருத்திதான் தன் ஊரான அசோரஸ் தீவுகளைப் பற்றிச் சொன்னாள். டொரன்டோவிலிருந்து நேராக விமானம் உண்டாம். தீவுகளுக்குள் மிகச் சின்னது கோர்வோ. அத்திலாந்திக்கின் நடுவில் ஒரு மலை, அதன் காலடியில் ஒரே ஒரு ஊர். அந்த மலைதான் அணைந்த எரிமலை.

பெரிய விமானம், சின்ன விமானம், பிறகு வாந்தி வர வைக்கும் ஒரு படகு. இறங்கியபோது ஊரே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போல அமைதியாக இருந்தது. உச்சிக்குக் கிட்ட வரைக்கும் கூட்டிப்போக வான் வண்டி ஒன்று நின்றது. யோசப் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"நடப்பம்" என்றான்.

"உங்கட முழங்காலுக்கு?"

"நடந்துதான் பாப்பமே."

பாதையின் இரு பக்கமும் கல் மதில்கள். மதில்களை மறைத்து நீலப் பூப்பற்றைகள் பூத்துக் கிடந்தன. அப்படி ஒரு நீலத்தை றோசலின் மாதா சுருவத்தின் மேலாடையில் மட்டும்தான் கண்டிருக்கிறாள். கடல் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. யோசப் முன்னால் நடந்தான்.

பாதி வழியில் முகில் இறங்கியது. முதலில் கடல் போனது, பிறகு மதில், பிறகு அவளுடைய சப்பாத்து. யோசப்பின் சிவப்பு ஜாக்கெற் மங்கி, கரைந்து, இல்லாமல் போனது.

"இஞ்சாருங்கோ! எங்க நிக்கிறியள்?"

"இஞ்சதான். பயப்பிடாத. பாதை ஒண்டுதான். நான் கதைச்சுக்கொண்டு போறன், சத்தத்தைப் பிடிச்சுக்கொண்டு வா."

"என்னத்தைக் கதைக்கப் போறியள்?"

அது அவனுக்கும் தெரியவில்லை. முதலில் 'அருள் நிறைந்த மரியே' சொன்னான். பிறகு களஞ்சியத்தில் எந்த வரிசையில் ஐஸ்கிறீம், எந்த வரிசையில் மீன் என்று சொன்னான். அதுவும் முடிந்தது. அவள் திரும்பவும் கூப்பிட வாயெடுத்தபோது குரல் வந்தது.

"பகல் நித்திரையில வாற கனவு வேறை மாதிரி, றோஸ்."

அவள் சத்தம் வந்த பக்கம் நடந்தாள்.

"வெளியில பிள்ளையள் பள்ளிக்கூடத்தால வாற சத்தம், புல்லு வெட்டுற சத்தம், எல்லாம் கனவுக்குள்ள வந்திடும். வீடு நிறைய ஆக்கள் நிக்கிற மாதிரி இருக்கும். நீ குசினியில ஆரோடயோ சிரிச்சுக் கதைச்சுக்கொண்டிருப்பாய். ஏஞ்சலா சின்னப்பிள்ளையா படியில ஓடுவாள். எழும்பி வந்து பாத்தா ஒருத்தரும் இல்லை. மேசையில நீ மூடி வைச்ச சாப்பாடு இருக்கும். அதையே பாத்துக்கொண்டு நிப்பன்."

முகத்துக்கு நேரே அவன் இதைச் சொல்லியிருக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. முகில்தான் சொல்ல வைத்தது. முகம் நனைந்திருந்தது. ஈரம் எதனுடையது என்று அவள் துடைத்துப் பார்க்கவில்லை.

"நான் ரீவியை மெல்லமாப் போட்டிட்டுத்தான் படுக்கிறனான்" என்றாள் வெள்ளையைப் பார்த்து. "ஆராவது கதைக்கிற சத்தம் கேக்கோணும் எண்டு."

"எனக்குத் தெரியாது."

"நீங்கள் வரமுந்தி நிப்பாட்டிப்போடுவன்."

அதன் பிறகு எவ்வளவு தூரம் ஏறினார்கள் என்று இருவருக்கும் தெரியாது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் பேசினார். நிலம் இருக்கிறதா, காற்றில்தான் நடக்கிறோமா என்று சந்தேகம் வருகிற மாதிரி எல்லாம் வெளுப்பாக இருந்தது. ஓர் இடத்தில் அவளுடைய கை எதிலோ முட்டியது. அவனுடைய கை. அவன் நின்றுவிட்டிருந்தான்.

"இதுக்கு மேல ஏற ஒண்டுமில்லை" என்றான்.

அவன் சொல்லி முடிக்கவும் காற்று திரும்பியது. முகில் கிழிந்து கிழிந்து போக, காலடியில் மலை வாயைத் திறந்தது. நெருப்பு இருந்த இடமெல்லாம் பச்சை. அடியில், வானத்தை அப்படியே வைத்திருக்கும் ஒரு தண்ணீர். தண்ணீருக்குள் குட்டிக் குட்டித் திட்டுகள். கரையில் பொட்டுப் பொட்டாக ஏதோ அசைந்தது. றோசலின் கண்களைச் சுருக்கிப் பார்த்தாள்.

"மாடு!"

"மாடேதான்" என்றான் யோசப். எரிமலைக்குள் மாடுகள் புல்லுத் தின்றுகொண்டிருந்தன. இரண்டு பேரும் வெகு நேரம் சிரித்தார்கள்.

காற்றுப் படாத ஒரு கல் மதிலோரம் உட்கார்ந்து, ஊர்க் கடையில் வாங்கிய பாணையும் சீஸையும், அவள் அஜக்ஸிலிருந்து கொண்டுவந்த சம்பலோடு சாப்பிட்டார்கள். வெயில் வந்தது. அவன் மதிலில் சாய்ந்தான், அவள் அவனில் சாய்ந்தாள். கீழே ஒரு மாட்டு மணி கேட்டது. அது எப்போது நின்றது என்று அவள் அறியவில்லை.

கண் விழித்தபோது வெயில் சரிந்திருந்தது. அவன் அப்போதுதான் விழித்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவன் போல அவளைப் பார்த்தான். பிறகு தெரிந்துகொண்டான். அந்த நேரத்தில் அவன் முகத்தில் வந்ததை றோசலின் யாருக்கும் விபரித்ததில்லை.

கடைசி வான் வண்டியும் போயிருந்தது. மெதுவாக நடந்தே இறங்கினார்கள். முழங்கால் நோகிறது என்று அவன் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டான். நோகாத இடத்திலும் பிடித்திருந்தான்.

டொரன்டோ விமான நிலையத்துக்கு ஏஞ்சலா கார் கொண்டு வந்திருந்தாள். நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் வாகனங்கள் அடுக்கடுக்காக நின்றன.

"ஸோ, அப்பா, எப்பிடி இருந்தது?"

யோசப் தொடங்கினான். படகில் அம்மா சத்தி எடுத்ததிலிருந்து ஒன்றையும் விடவில்லை. இடையில், பகல் வேலைக்கு மாற்றித் தரச்சொல்லிக் கேட்கப் போவதாகவும் சொன்னான், அதுவும் பயணத்தில் நடந்த ஒன்று போல. அஜின்கோர்ட் தாண்டியும் அவன் நிறுத்தவில்லை. ஏஞ்சலா காரின் கண்ணாடிக்குள்ளால் தாயைப் பார்த்து, அப்பாவுக்கு என்ன நடந்தது என்று புருவத்தால் கேட்டாள்.

"றோட்டைப் பாத்துக் காரை ஓடு பிள்ளை" என்றாள் றோசலின். "அப்பா கதைக்கட்டும்."