திரும்பி வர ஒரு ஜோடி செருப்பு

ஜெயிலுக்குப் போன மனுஷன் அன்றைக்கே விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தால் ஊர் சும்மா இருக்குமா? மல்லாட்டைக் கடலை மண்டி துரைக்கண்ணு, திண்டிவனம் சாலையில் வெறுங்காலோடு நொண்டிக்கொண்டு வந்ததை முதலில் பார்த்தது யார் என்று செஞ்சிக் கடைத்தெருவில் பெரிய தகராறு. பார்க்கவில்லை என்று சொன்னவர் ஒருத்தரும் இல்லை.

காலையில் அவர் போன போக்கு அப்படி. நாற்பத்திரண்டாம் வருஷம் ஆகஸ்டு மாதமே தலைவர்களையெல்லாம் வெள்ளைக்காரன் உள்ளே தள்ளிவிட்டான். கூட்டம் கூடாதே, கொடி பிடிக்காதே என்று தமுக்கும் போட்டாயிற்று. தலைவர்கள் இல்லாவிட்டால் என்ன, செஞ்சிக்காரர்களுக்குத் திருவிழா நடத்தத் தெரியாதா? கோயில் உற்சவத்தில் தெருவுக்கு ஒரு நாள் மண்டகப்படி விடுகிற மாதிரி இதையும் தெருவுக்கு ஒரு நாளாகப் பிரித்துக்கொண்டார்கள். முறை வந்த தெருவிலிருந்து ஒருவர் கொடியோடு போலீஸ் ஸ்டேஷன் எதிரே போய்க் கோஷம் போடவேண்டியது. பிடிபட்டு ஜெயிலுக்குப் போகவேண்டியது. உற்சவத்தைப் போலவே எந்தத் தெருவுக்கு முதல் மரியாதை என்று இதிலும் சண்டை வந்தது, கேட்க வேண்டுமா!

துரைக்கண்ணு தம் முறையைக் கல்யாணம் மாதிரி நடத்தினார். மனைவி சுந்தராம்பாள் வடை பாயசத்தோடு சமைத்துப் போட்டாள். பின்தெருக் கொத்தனார் மதலைமுத்துவோடு பல வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த கொல்லைச் சுவர் வழக்கை, “நீயே வச்சிக்கப்பா” என்று கண்ணீரோடு முடித்தார். உயிருக்கு உயிரான கறுப்புக் குடையைத் தையற்கடை தாவூதிடம் நீட்டி, “ஜெயில்ல எனக்கு எதுக்கு பாய் கொடை?” என்றார். கழுத்தில் மாலை, நெற்றியில் பொட்டோடு கிளம்பும்போது செருப்பையும் வீட்டிலேயே கழற்றிவிட்டார். தியாகத்துக்கும் செருப்புக்கும் ஒத்துவராது என்று யார் சொன்னார்களோ!

கடைசியில் ஜெயிலில் இடமில்லை. போலீஸ்காரர்கள் அவரை லாரியில் ஏற்றிப்போய், தீவனூர் தாண்டி ஒரு பனங்காட்டில் கழுத்து மாலையோடு இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். பாதி வழியில் மழை வேறு பிடித்துக்கொண்டது.

வாசலில் நின்றவரைப் பார்த்துச் சுந்தராம்பாள் முதலில் சொன்னது இதுதான்: “ஐயய்யோ, மிச்சப் பாயசத்த எல்லாம் தெருவுக்குக் குடுத்துட்டேனே!”

மறுநாள் காலை டீக்கடைப் பக்கம் போனதுதான் தப்பு.

“இன்னா மொதலாளி, ஜெயில்ல சாப்பாடு எப்டி?” என்றான் ஒருவன்.

ஏட்டு கோதண்டராமன் பெஞ்சில் உட்கார்ந்தபடி உரக்கக் கேட்டார்: “யாருக்குப்பா இன்னிக்கி தீவனூரு போவணும்? சர்க்கார் லாரி, டிக்கெட் கெடையாது.” கடையே உருண்டு சிரித்தது. பிறகு துரைக்கண்ணு பக்கம் திரும்பி, மெதுவாக, “மறுபடி ஒன்ன அங்க பாத்தா மொதல்ல லத்திதான். தோளு எலும்பு தங்காது” என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கு முறை தாவூதின் தெருவுக்கு. போக வேண்டியவரும் தாவூதுதான். துரைக்கண்ணு நேரே தையற்கடைக்குப் போனார். ஆணியில் குடை தொங்கியது. அதைப் பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாகச் சுவரைப் பார்த்தார்.

“ஜெயிலுன்னா போவலாம் அண்ணாத்தே,” என்றார் தாவூது, மிஷினை நிறுத்தாமலே. “இது இன்னா, குப்பய கொட்ற மாதிரி கொட்டிட்டு வர்றான். ஊரே சிரிக்குது.”

“என்னப் பாத்துதான சிரிக்குது?”

“நாளைக்கி என்னப் பாத்து சிரிக்கும்.”

“அப்ப என்ன வுட்டுடும் இல்ல?”

தாவூதுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு துரைக்கண்ணு பட்ட பாட்டைத் தெருவே வேடிக்கை பார்த்தது. மண்டிக்குப் போவார், மூட்டையைத் தட்டுவார், உடனே வீட்டு வாசலுக்கு வருவார், சூரியனைப் பார்ப்பார். கொப்புளம் வெடித்த கால் ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்றது. தோளை வேறு அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார், இருக்கிறதா என்று.

“செத்த ஒக்காருங்களேன். பாக்கறவங்களுக்கே தல சுத்துது,” என்றாள் சுந்தராம்பாள்.

“பாய் வர மாட்டாரு போலருக்குது. இன்னிக்கி ஸ்டேஷன் எதுர ஆளு நிக்கலன்னா அவ்ளோதான். நாளைக்கி எந்தத் தெருவும் வராது.”

“நீங்க போனா அடிப்பான்.”

“அடிப்பான்.”

அவள் விருட்டென்று உள்ளே போனாள். அழத்தான் போகிறாள் என்று இவர் நினைத்தார். பக்கத்து வீட்டு ஜன்னல்களும் அப்படியே நினைத்தன. வந்தவள் கையில் அவருடைய செருப்பும் ஒரு சோற்று மூட்டையும் இருந்தன. செருப்பை அவர் காலடியில் போட்டாள்.

“நேத்து மாதிரி வெறுங்கால்ல வந்து நிக்காதீங்க. புளிச்சோறு கட்டியிருக்குறேன். வர்ற வழியில சாப்டுங்க.”

மாலை இல்லை, பொட்டு இல்லை. ஸ்டேஷன் எதிரே நின்று அவர் “வந்தே மாதரம்” என்றபோது குரல் பாதியில் உடைந்துபோனது. கோதண்டராமன் சொன்ன சொல் தவறாதவர். லத்தி இடது தோளில் இறங்கியது. துரைக்கண்ணு மண்டி போட்டு விழுந்தார். சோற்று மூட்டையை மட்டும் விடவில்லை. எழுந்து, உடைந்த இடத்திலிருந்தே மறுபடி தொடங்கினார். இந்தத் தடவை பின்னாலிருந்து இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது. தாவூது. கக்கத்தில் குடை.

“அது என் கொடை, பாய்,” என்றார் துரைக்கண்ணு, மூச்சு வாங்கியபடி.

“தெரியும். திரும்பி வர்றப்ப மழ வந்தா ரெண்டு பேருக்கும் ஆவும்.”

சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. கோதண்டராமன் மட்டும் சிரிக்கவில்லை.

இருவரையும் லாரியில் தூக்கிப் போட்டார்கள். லாரி இன்றைக்குத் திண்டிவனம் பக்கம் போகாமல் திருவண்ணாமலை சாலையில் திரும்பியது. எவ்வளவு தூரம் கொண்டுபோவான், இந்தத் தோளோடு எப்படி நடப்பது என்று துரைக்கண்ணு கணக்குப் போட்டார். அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து சுந்தராம்பாளின் குரல் கேட்டது. மதலைமுத்துவின் மனைவியிடம்தான் கத்திக்கொண்டிருந்தாள்.

“ராயம்மா! நாளைக்கி ஒங்க தெரு மொறதான? ஒங்க வூட்டுக்காரருக்கு செருப்பு இருக்குதா, இல்ல இனிமேதான் வாங்கணுமா?”

ராயம்மாள் சொன்ன பதில் லாரிச் சத்தத்தில் கேட்கவில்லை. துரைக்கண்ணு லாரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் தலையாட்டுகிறாளா என்று எட்டி எட்டிப் பார்த்தார்.